இயற்கையிடம் கற்ற நெகிழ்வான தொடுஉணரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொட்டதை உணரும் மெல்லிய, வளையக்கூடிய பரப்புகளைப் பற்றிப் படிக்கத் தொடங்குவோரிடம் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தந்திருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தத் துறையில் உணர்தல் மின்சுற்றுக்குள் சென்ற பிறகு தொடங்குவதில்லை. விசை வந்து விழும் பொருளின் வடிவத்திலேயே அது பாதி நடந்து முடிந்துவிடுகிறது. உயிரினங்களிடம் நாம் கற்க வேண்டியது முதன்மையாக இதைத்தான்.

கைப்பேசியின் தொடுதிரையும் நெகிழ்வான தொடுஉணரியும் ஒன்றுதானா?

இல்லை. இன்றைய கைப்பேசித் திரைகளில் பெரும்பாலானவை விரல் அருகே வரும்போது மின்தேக்குத் திறனில், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் திறனில், ஏற்படும் மாற்றத்தைக் கொண்டு விரல் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டறிகின்றன. எவ்வளவு அழுத்தினோம், எந்தத் திசையில் இழுத்தோம், விரலுக்கு அடியில் இருக்கும் பரப்பு வழவழப்பானதா சொரசொரப்பானதா என்பவற்றை அவை அறிவதில்லை. நெகிழ்வான தொடுஉணரி விசையையே அளக்க முயல்கிறது. அதோடு அது வளைய வேண்டும், பல வேளைகளில் நீளவும் வேண்டும். மணிக்கட்டிலோ எந்திரக் கையின் விரல்நுனியிலோ ஒட்டப்பட்ட நிலையில், அந்த உறுப்பு அசையும்போதெல்லாம் ஏற்படும் வளைவையும் உண்மையான தொடுதலையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். இந்தக் கடைசித் தேவைதான் எல்லாவற்றையும்விடக் கடினமானது.

மென்மையான ரப்பரை இரண்டு மின்முனைகளுக்கு நடுவே வைத்தால் போதாதா? இயற்கையை ஏன் நாட வேண்டும்?

பலரும் முதலில் செய்து பார்ப்பது இதுதான். சிலிக்கோன் ரப்பர் தொட்டால் மென்மையாக இருப்பதால், அது எளிதில் அமுங்கும் என்று நினைக்கிறோம். ஆனால் ரப்பரின் வடிவத்தை மாற்றுவது எளிது, கன அளவைக் குறைப்பது மிகக் கடினம். அதன் பாய்சான் விகிதம் ஏறக்குறைய 0.5, அதாவது மேலிருந்து அழுத்தினால் அது பக்கவாட்டில் பிதுங்கியாக வேண்டும். இரண்டு தகடுகளுக்கு நடுவே அகலமாகவும் மெல்லியதாகவும் ஒட்டப்பட்ட ரப்பர்ப் படலத்துக்குப் பிதுங்க இடமே கிடையாது. ஆகவே அது பாறைபோல் நின்றுவிடுகிறது, மெல்லிய தொடுதல் எந்தக் குறிப்பையும் தருவதில்லை. போதாக்குறைக்கு, அழுத்தத்தை எடுத்த பிறகு ரப்பர் தன் பழைய நிலைக்குத் திரும்பவும் நேரம் எடுத்துக்கொள்கிறது.

தோலோ முற்றிலும் வேறாக நடந்துகொள்கிறது. அதுவும் நீர் நிறைந்த, அமுங்காத பொருள்தான். இருந்தும் மேடுகளும் பள்ளங்களும் இடைவெளிகளும் அடுக்குகளுமாக அமைந்திருப்பதால், மேலே விழும் விசை எல்லா இடத்திலும் சமமாகப் பரவாமல் குறிப்பிட்ட புள்ளிகளில் குவிகிறது. தொடுதலை உணரும் ஏற்பிகள் இருப்பதும் அந்தப் புள்ளிகளில்தான். பொருளை மாற்றாமல் வடிவத்தை மாற்றியே உணர்திறனைக் கூட்டும் இந்த வழிதான் இயற்கையிடமிருந்து வந்த முதன்மைப் பாடம்.

மனிதத் தோல் தொடுதலை எப்படி உணர்கிறது?

மயிரற்ற உள்ளங்கைத் தோலில் இயக்க விசையை உணரும் ஏற்பிகள் நான்கு வகை. மெர்க்கல் செல்கள் நீடித்த அழுத்தத்தையும் விளிம்புகளையும் உணர்கின்றன. மேற்றோலுக்குச் சற்றுக் கீழே உட்தோல் முகடுகளில் இருக்கும் மைஸ்னர் துகள்கள் மெல்லிய நடுக்கத்தையும் வழுக்கலையும் உணர்கின்றன. ரஃபினி முனைகள் தோல் இழுபடுவதற்கு மறுமொழி தருகின்றன. ஆழத்தில் இருக்கும் பாசினி துகள்கள் விரைவான அதிர்வுகளுக்கானவை. நொடிக்கு 200 முதல் 300 வரையிலான அதிர்வுகளில் அவற்றின் கூர்மை உச்சத்தில் இருக்கிறது. ஒரு கையின் உள்பக்கத்தில் மட்டும் இப்படிப்பட்ட நரம்பிழைகள் சுமார் 17,000 இருப்பதாக 1979இல் ரோலண்ட் யோஹான்சனும் ஆக்கே வால்போவும் கணக்கிட்டனர்.

இவற்றுள் பாசினி துகளை நான் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன், ஏனென்றால் வடிவமே கணக்குப் போடும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடையாது. வெங்காயத்தைப்போல் பல உறைகள், அவற்றுக்கு இடையே நீர்மம், நடுவில் நரம்பின் நுனி என்பது அதன் அமைப்பு. மெதுவான, நிலையான அழுத்தம் வந்தால் நீர்மம் உறைகளுக்கிடையே நகர்ந்து இடம் கொடுத்துவிடுவதால் நடுவிலுள்ள நரம்புக்கு எதுவும் எட்டுவதில்லை. விரைவான அதிர்வு வந்தாலோ நீர்மம் நகர நேரமில்லாமல் விசை நேராக உள்ளே செல்கிறது. மின்னணுவியலில் நாம் மின்தேக்கியும் மின்தடையும் சேர்த்துக் கட்டும், விரைவான அதிர்வுகளை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியை இந்தத் துகள் உறைகளைக் கொண்டே கட்டியிருக்கிறது. 1960களில் உடலியங்கியல் ஆய்வாளர் வெர்னர் லோவென்ஸ்டீன் இந்த உறைகளை உரித்துப் பார்த்தபோது, அதுவரை அழுத்தத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே தோன்றிய ஏற்பி மின்னழுத்தம், அழுத்தம் நீடிக்கும்போதும் வெகுநேரம் நீடிப்பதைக் கண்டார்.

மூலக்கூறு அளவில், மென்மையான தொடுதலுக்குப் பொறுப்பானது பீசோ2 என்னும் அயனி வாயில். செல்லின் சவ்வு இழுபடும்போது அது திறந்து, அயனிகளை உள்ளே விடுகிறது. பீசோ வாயில்களைக் கண்டறிந்து 2010இல் வெளியிட்ட ஆர்டெம் படபூட்டியான், வெப்ப உணர்வை ஆராய்ந்த டேவிட் ஜூலியஸோடு 2021ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

விரல் ரேகைகளுக்கு உணர்வில் பங்கு உண்டா?

உண்டு. 2009இல் பாரிஸின் எகோல் நார்மல் சுப்பீரியர் ஆய்வாளர்கள், ஓர் உணரியின் மேல் வழவழப்பான ரப்பர் மூடியையும், பிறகு ரேகைபோல் இணைவரிகள் கொண்ட ரப்பர் மூடியையும் பொருத்தி, இரண்டையும் சொரசொரப்பான பரப்பின்மீது இழுத்துப் பார்த்தார்கள். வரிகள் இருந்தபோது, குறிப்பிட்ட அதிர்வெண்ணை ஒட்டிய அதிர்வுகள் நூறு மடங்கு வரை பெருகின. கணக்கு எளிமையானது: விரல் நகரும் வேகத்தை வரிகளுக்கு இடைப்பட்ட தொலைவால் வகுத்தால் அந்த அதிர்வெண் கிடைக்கும். நம் விரல் ரேகைகளின் இடைவெளி சுமார் அரை மில்லிமீட்டர். ஒரு துணியின் தரத்தைப் பார்க்க விரலை நொடிக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 200 முதல் 300 வரையிலான அதிர்வுகள் எழுகின்றன. இது பாசினி துகள்கள் மிகக் கூர்மையாக இருக்கும் எல்லை என்பதை மேலே பார்த்தோம்.

ஆகவே செயற்கை விரலில் ரேகை வரைவது அழகுக்காக அன்று. ஆனால் எந்த இடைவெளியில் வரைவது என்பதை மனித விரலிலிருந்து அப்படியே நகல் எடுத்தால் தவறாகிவிடும். எந்திரக் கை எந்த வேகத்தில் நகரும், அதன் உணரி எந்த அதிர்வெண்ணில் நன்றாக வேலை செய்யும் என்ற இரண்டையும் கொண்டு அதைக் கணக்கிட வேண்டும்.

மனித விரலின் எல்லை எவ்வளவு நுண்மையானது என்பதற்கும் ஒரு குறிப்பு. ஸ்வீடனில் 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில், வெறும் 13 நானோமீட்டர் உயர அலைவரிகள் கொண்ட பரப்பை வழவழப்பான பரப்பிலிருந்து விரலால் பிரித்தறிய முடிந்தது. விரலை ஓட்டிப் பார்க்கும்போது மட்டுமே இப்படிப்பட்ட நுண்மை கிடைக்கும்; அசையாமல் வைத்த விரல் இதில் பெரிதும் பின்தங்கிவிடும்.

அழுத்தம் மின்குறிப்பாக மாறுவது எப்படி?

நான்கு வழிகள் பரவலாக உள்ளன. அழுத்தத்தால் மின்தடை மாறும் வகை எளிமையானது, மலிவானது. ஆனால் வெப்பநிலையாலும் எளிதில் மாறும். மின்தேக்கு வகை நிலையான அழுத்தத்தை நன்றாக அளக்கும். சுற்றியுள்ள மின்புலங்களிலிருந்து அதைக் காக்க வேண்டும். அழுத்தமின் வகைப் பொருள்கள் விசை மாறும்போது தாமே மின்னூட்டத்தை உண்டாக்குகின்றன. பாலிவினைலிடீன் ஃபுளூரைடு என்ற நெகிழிப் படலத்தில் இந்தப் பண்பை 1969இல் கவாய் எடுத்துக்காட்டினார். நான்காவது, தொட்டுப் பிரியும் பரப்புகளில் எழும் உராய்வு மின்னூட்டத்தைப் பயன்படுத்தும் வகை.

முதல் இரண்டும் மெர்க்கல் செல்களைப்போல நீடித்த அழுத்தத்தை அறிபவை. பின் இரண்டும் பாசினி துகள்களைப்போல மாற்றத்தை மட்டும் அறிபவை. எது சிறந்தது என்று கேட்பவர்களுக்கு என் விடை, தோல் இரண்டையும் வைத்திருக்கிறது என்பதுதான். தென்கொரியாவின் உல்சான் அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தினர் 2015இல் வெளியிட்ட செயற்கைத் தோலில், ஒரே பொருள் நிலையான அழுத்தம், அதிர்வு, வெப்பம் ஆகியவற்றுக்குத் தனித்தனி வழிகளில் மறுமொழி தந்தது.

அயனிகளைக் கொண்டு இயங்கும் உணரிகள் அண்மைக் காலத்தில் வேகமாக வளர்ந்துள்ளன. அயனிக் கூழும் மின்முனையும் தொடும் இடத்தில் நேர், எதிர் மின்னூட்டங்கள் சில நானோமீட்டர் அல்லது அதற்கும் குறைந்த இடைவெளியில் எதிரெதிரே நிற்பதால், மிகச் சிறிய பரப்பிலேயே பெரிய மின்தேக்குத் திறன் கிடைக்கிறது.

நுண்கூம்புகளையும் குவிமாடங்களையும் ஏன் எல்லா ஆய்வுகளிலும் காண்கிறோம்?

மேலே சொன்ன பிதுங்கும் சிக்கலுக்கு அவைதான் விடை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ழெனான் பாவோவின் குழு 2010இல் ரப்பர்ப் படலத்தைச் சில மைக்ரோமீட்டர் அளவே உள்ள கூம்புகளின் வரிசையாக வார்த்தது. கூம்புகளுக்கிடையே காற்று இருப்பதால் ரப்பருக்குப் பிதுங்க இடம் கிடைக்கிறது. நுனி கூர்மையாக இருப்பதால் சிறிய விசையே பெரிய தகைவாகிறது, அதாவது சிறு பரப்பில் குவிந்த பெரிய அழுத்தமாகிறது. அமுங்கும்போது மின்முனைகளின் இடைவெளி குறைவதோடு, காற்று இருந்த இடத்தை ரப்பர் நிரப்புவதால் மின்தேக்குத் திறன் இரண்டு காரணங்களால் ஒருசேர உயர்கிறது. சுமார் 20 மில்லிகிராம் எடையுள்ள ஓர் ஈ வந்து அமர்ந்ததை அந்த உணரி அறிந்துகொண்டது. அந்த அழுத்தம் 3 பாஸ்கல் அளவே.

கூம்பின் வரிசைக்கும் தோலின் அமைப்புக்கும் உள்ள உறவு தொலைவானது. அதைவிட நெருக்கமானது, ஒன்றுக்குள் ஒன்று பிணைந்த குவிமாடங்களின் அமைப்பு. நம் மேற்றோலின் அடிப்பரப்பும் உட்தோலின் மேற்பரப்பும் இரண்டு கைகளின் விரல்களைக் கோத்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி நிற்கின்றன. மேற்றோல் உட்தோலைவிட விறைப்பானது. ஆகவே அழுத்தம் அந்த முகடுகளின் ஓரங்களில் குவிகிறது. கார்பன் நானோகுழாய் கலந்த ரப்பரில் இரண்டு குவிமாடப் பரப்புகளை எதிரெதிரே வைத்து இதே வேலையைச் செய்ய வைக்கலாம்: அழுத்தும்போது மாடங்கள் தொடும் பரப்பு சட்டென்று விரிகிறது, தொடுமிடத்தின் மின்தடை சட்டென்று குறைகிறது.

கூம்போ மாடமோ, ஓர் எல்லைக்குப் பிறகு முழுவதும் தட்டையாகிவிடும். அதற்குமேல் உணரி மீண்டும் அசையாத ரப்பர்தான். வெவ்வேறு உயரங்களில் மேடுகளை அமைத்தால், சிறியவை தொடுவதற்குக் காத்திருக்கும்போது பெரியவை வேலை செய்யும். அளக்கும் எல்லை விரியும்.

சிலந்தியிடமிருந்து என்ன கற்றார்கள்?

எந்தப் பொறியாளரும் விரும்பாத ஒன்றைப் பயனுள்ளதாக்கக் கற்றார்கள்: விரிசலை. சிலந்தியின் கால் மூட்டுகளுக்கு அருகே, கடினமான புறக்கூட்டில் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் அகலமே உள்ள இணைபிளவுகள் வரிசையாக அமைந்திருக்கின்றன. இலையோ தரையோ அதிரும்போது கூட்டில் ஏற்படும் மிகச் சிறிய நீட்சி இந்தப் பிளவுகளில் குவிந்து, அவற்றின் விளிம்புகளை நெருங்கவும் விலகவும் வைக்கிறது. பிளவின் மேல் கட்டப்பட்ட நரம்பு அதை உணர்கிறது. கூடு முழுவதும் சமமாக நீண்டிருந்தால் அந்த அசைவு எந்த நரம்புக்கும் எட்டியிருக்காது.

2014இல் தென்கொரிய ஆய்வாளர்கள் மென்மையான நெகிழிப் படலத்தின் மேல் 20 நானோமீட்டர் தடிமனில் பிளாட்டினம் பூசி, அதை வளைத்து வேண்டுமென்றே இணைவிரிசல்களை உண்டாக்கினார்கள். படலம் சிறிது நீண்டாலும் விரிசலின் விளிம்புகள் ஒன்றையொன்று தொடும் இடங்கள் குறைந்து மின்தடை எகிறுகிறது. நீட்சியின் விகிதத்தை (விகாரத்தை) அளக்கும் சாதாரண உலோகத் தகட்டு அளவியின் அளவுக் காரணி, அதாவது நீட்சியைப்போல் மின்தடை எத்தனை மடங்கு மாறுகிறது என்ற எண், ஏறக்குறைய 2. இந்த உணரியில் 2 விழுக்காடு நீட்சிக்குள் அது 2,000ஐத் தாண்டியது. வயலின் நரம்பின் அதிர்வையும், கழுத்தில் ஒட்டினால் பேசும் சொற்களின் அதிர்வையும், மணிக்கட்டில் ஒட்டினால் நாடித் துடிப்பையும் அது பதிவு செய்தது.

இத்துறையில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வு இது. சிலந்தியின் காலைப்போலவே தோற்றமளிக்கும் எதையும் அவர்கள் செய்யவில்லை. பிளவு என்ன வேலை செய்கிறது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

பக்கவாட்டு விசையையும் வழுக்கலையும் உணர்வது ஏன் இவ்வளவு முக்கியம்?

ஒரு கண்ணாடிக் குவளையைப் பிடித்திருக்கும்போது, அது வழுக்கத் தொடங்கிய பத்தில் ஒரு நொடிக்குள்ளாகவே நம் விரல்கள் தாமாக இறுகிவிடுகின்றன. நாம் அதைப் பற்றி எண்ணுவதுகூட இல்லை. நேர் அழுத்தத்தை மட்டும் அளக்கும் எந்திரக் கைக்கு வழுக்கல் தெரியாது. ஆகவே அது ஒன்று தேவைக்கு மேல் இறுக்கி நொறுக்கிவிடும், அல்லது நழுவவிடும்.

ஸ்டான்ஃபோர்டு குழு 2018இல் வெளியிட்ட உணரியில், ஓர் அடுக்கில் சிறு குன்றுகள் இருந்தன, மற்றோர் அடுக்கில் கூம்புகள் சூரியகாந்திப் பூவின் விதைகள் அமைந்திருக்கும் சுருள் ஒழுங்கில் வைக்கப்பட்டன. பக்கவாட்டில் இழுத்தால், குன்றின் ஒரு பக்கத்தில் உள்ள மின்தேக்கிகள் மற்றப் பக்கத்தைவிட அதிகம் அமுங்குகின்றன. அந்த வேறுபாட்டிலிருந்து விசையின் திசை தெரிந்துவிடுகிறது. இதை அணிந்த எந்திர விரல் ஒரு பெர்ரிப் பழத்தை நசுக்காமல் தொட்டது.

வண்டுகள் ஓய்வில் தம் இறக்கைகளை நுண்மயிர்களின் பிணைப்பால் உடலோடு பொருத்தி வைக்கின்றன. அதை ஒத்த மயிர்ப் பிணைப்பைச் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தினர் 2012இல் உணரியாக்கினார்கள். உலோகம் பூசிய நானோ மயிர்களின் இரண்டு பரப்புகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்க, அழுத்தல், பக்கவாட்டில் நகர்த்தல், முறுக்கல் ஆகிய மூன்றும் மின்தடையில் வெவ்வேறு வடிவ மாற்றங்களைத் தந்தன.

மீசை வைத்த விலங்குகளும் தொடுஉணரிக்கு முன்மாதிரியா?

மிகச் சிறந்த முன்மாதிரி. எலியின் மீசையிலோ கடல்நாயின் மீசையிலோ நரம்பே கிடையாது. மீசை வெறும் நெம்புகோல். உணர்வெல்லாம் அதன் வேரைச் சூழ்ந்த பையில் இருக்கிறது. தேய்ந்துபோகும், முறிந்துபோகும் பகுதி வெளியே. நுண்மையான பகுதி தோலுக்குள் பாதுகாப்பாக. தூசியிலும் நீரிலும் வேலை செய்யும் எந்திரங்களுக்கு இந்தப் பிரிவினை பெரிய வரம். துறைமுகச் சீல் எனப்படும் கடல்நாயின் மீசையில் நீளவாக்கில் அலைபோன்ற ஏற்றத்தாழ்வு உண்டு. நீந்தும்போது மீசையே உண்டாக்கும் சுழல்களால் அது நடுங்குவதை இந்த அலைவடிவம் அடக்கிவிடுவதால், முன்னே சென்ற மீன் விட்டுச்சென்ற மெல்லிய நீரோட்டத் தடம் மட்டும் மீதமாகத் தெரிகிறது. இரைச்சலைப் பின்னால் கணினியில் வடிகட்டாமல் தோன்றும் இடத்திலேயே தடுத்துவிடுகிறது இந்த அமைப்பு.

வட அமெரிக்காவின் நட்சத்திர மூக்கு மூஞ்சூறு வேறொரு பாடம் சொல்கிறது. ஒரு சென்டிமீட்டர் அகலமே உள்ள அதன் மூக்கில் 22 விரல்போன்ற நீட்சிகள், அவற்றில் சுமார் 25,000 தொடு உறுப்புகள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகள். உயிரியலாளர் கென்னத் கட்டானியாவின் ஆய்வுகள் காட்டியபடி, அது எல்லா நீட்சிகளையும் ஒரே வகையில் பயன்படுத்துவதில்லை. மற்றவை எதையாவது தொட்டவுடன், நடுவில் கீழே உள்ள மிகச் சிறிய இணையை அந்த இடத்துக்குக் கொண்டுசென்று ஆராய்கிறது. நாம் ஓரக்கண்ணால் கண்டதைக் கண்ணைத் திருப்பி நேராகப் பார்ப்பதைப்போல. செயற்கைத் தோல் முழுவதும் ஒரே நெருக்கத்தில் உணரிகளை நிரப்பத் துடிப்பவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நம் விரல்நுனி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு முனைகளைப் பிரித்தறியும். முதுகுக்குச் சில சென்டிமீட்டர் இடைவெளி தேவை. அதனால் முதுகுக்கு எந்தக் குறையும் இல்லை.

தாவரங்களுக்கு இதில் இடமுண்டா?

உண்டு, பெரும்பாலும் அச்சாக. தாமரை இலை, ரோஜா இதழ், தொட்டாற்சுருங்கி இலை ஆகியவற்றின் மேற்பரப்பில் உள்ள நுண்மேடுகளின்மேல் சிலிக்கோனை ஊற்றிக் கடினமாக்கி உரித்தால், விலையுயர்ந்த ஒளி அச்சுக் கருவிகள் இல்லாமலே நுண்வடிவப் பரப்பு கிடைத்துவிடுகிறது. இதை இயற்கையிடம் கற்பது என்று அழைப்பதைவிட, இயற்கையை வார்ப்பாகப் பயன்படுத்துவது என்று அழைப்பதே சரி. தாமரை இலையின் மேடுகள் நீரை விலக்குவதற்காக உருவானவை, அழுத்தத்தை உணர்வதற்காக அல்ல.

உண்மையிலேயே தொடுதலை உணரும் தாவரம் வீனஸ் பூச்சிப்பிடிச் செடி. அதன் உணர்மயிர்கள் சுமார் 20 நொடிக்குள் இரண்டு முறை தொடப்பட்டால்தான் இலை மூடும். மழைத்துளி ஒன்றுக்கெல்லாம் அது ஏமாறுவதில்லை. ஒரு குறிப்பை மட்டும் நம்பாமல் இரண்டாவதற்குக் காத்திருக்கும் இந்த எளிய நினைவு, பொய்க்குறிப்புகளைத் தவிர்க்க வேண்டிய எல்லா உணரிகளுக்கும் பொருந்தும்.

வளைக்கும்போதும் இழுக்கும்போதும் இவை ஏன் உடைவதில்லை?

வளைவதற்கு மெலிவு போதும். ஒரு படலத்தை வளைக்கும்போது அதன் மேற்பரப்பில் ஏற்படும் விகாரம், தடிமனை வளைவு ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைப்பது. 5 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால், 100 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலம் 1 விழுக்காடு நீள்கிறது. 10 மைக்ரோமீட்டர் படலம் 0.1 விழுக்காடுதான். முறியக்கூடிய அடுக்கைப் படலத்தின் மேற்பரப்பில் வைக்காமல், நீட்சியும் சுருக்கமும் இல்லாத நடுத்தளத்தில் வைத்தால் அந்தச் சிறு விகாரமும் அதைத் தொடாது.

நீள்வதற்கு வேறு உத்தி தேவை. தோலில் உள்ள கொலாஜன் என்னும் புரத இழைகள் ஓய்வில் நெளிந்து கிடக்கின்றன. இழுக்கும்போது முதலில் நெளிவு நிமிர்கிறது, அதனால் தோல் எளிதில் நீள்கிறது. இழைகள் நேரான பிறகு சட்டென்று விறைத்து, கிழியாமல் காக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஜான் ரோஜர்ஸின் குழு 2011இல் தோல்மேல் ஒட்டும் மின்னணுப் படலத்தில் உலோகக் கம்பிகளைப் பாம்புபோல் நெளித்து வைத்ததும் இதே கருத்தில்தான்.

ஆயிரம் உணரிகள் இருந்தால் ஆயிரம் கம்பிகள் வேண்டுமா?

வேண்டாம். நிரையும் நிரலுமாக அமைத்தால் 1,024 புள்ளிகளுக்கு 64 கம்பிகள் போதும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2019இல் வெளியிட்ட கையுறை 548 உணரிகளை 64 கடத்தும் நூல்களால் படித்து, 26 பொருள்களைப் பிடித்துப் பார்த்துப் பெற்ற தரவைக் கொண்டு அவற்றை இனங்காணக் கற்றுக்கொண்டது. ஆனால் ஒவ்வொரு புள்ளியாகச் சுற்றிவரும் முறை புள்ளிகள் கூடக்கூட மெதுவாகும். நரம்புகள் அப்படிச் செய்வதில்லை. மாற்றம் ஏற்பட்ட இடம் மட்டும் துடிப்புகளை அனுப்புகிறது. 2015இல் ஸ்டான்ஃபோர்டில் அழுத்தத்தை நேரடியாகத் துடிப்புகளின் எண்ணிக்கையாக மாற்றும் நெகிழ்வான சுற்று உருவாக்கப்பட்டது. 2018இல் அத்தகைய செயற்கை நரம்பு ஒரு கரப்பான்பூச்சியின் காலை அசைக்கவும் செய்தது.

கம்பியே இல்லாத வழியும் உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 2009 முதல் வளர்ந்துவரும் டாக்டிப் என்னும் விரல்நுனியில், மென்மையான தோலின் உட்புறத்தில் உட்தோல் முகடுகளை ஒத்த முட்கள் இருக்கின்றன. வெளியே ஏற்படும் சிறு தொடுதலும் அவற்றைச் சாய்க்க, உள்ளிருக்கும் ஒளிப்படக் கருவி அதைப் பார்க்கிறது.

ஆய்வுகளில் தரப்படும் உணர்திறன் எண்ணை அப்படியே நம்பலாமா?

அதை மட்டும் பார்த்து எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று வற்புறுத்தவே விரும்புகிறேன். தரப்படும் பெரிய எண் பெரும்பாலும் மிகக் குறைந்த அழுத்த எல்லைக்கு மட்டும் உரியது. மென்மையான தொடுதல் 10 கிலோபாஸ்கலுக்குக் கீழ். பொருள்களைக் கையாளும்போது 100 கிலோபாஸ்கல் வரை செல்லும். பாதத்துக்கு அடியில் அதையும் தாண்டும். நீங்கள் அளக்கப்போகும் எல்லையில் உணர்திறன் எவ்வளவு என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்து, ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே அழுத்தத்துக்கு ஒரே அளவு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அதற்குத் தயக்கம் என்று பெயர், மென்மையான பொருள்களில் இது தவிர்க்க இயலாதது, ஆனால் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். அழுத்தத்தை மாற்றாமல் ஒரு மணி நேரம் வைத்தால் அளவு மெல்ல நகர்கிறதா, வியர்வை பட்டால் என்ன ஆகிறது, பத்தாயிரம் முறை அழுத்திய பிறகு பூச்சு உரிகிறதா, ஒரே முறையில் செய்த பத்து உணரிகளும் ஒன்றுபோல் நடந்துகொள்கின்றனவா என்பவையும் அதே அளவு முக்கியம். கடைசிக் கேள்விக்கு விடை தரும் கட்டுரைகள் குறைவாக இருப்பது எனக்கு வருத்தமே, ஏனெனில் செயற்கைக் கை அணியப்போகும் ஒருவருக்கு மிகவும் தேவைப்படுவது அந்த விடைதான்.

தோலுக்கும் இந்தக் குறைகளெல்லாம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். அணிந்த ஆடையைச் சிறிது நேரத்தில் நாம் உணராமல் போகிறோம். தன் ஏற்பிகள் துல்லியமற்றவை என்பதால் மூளை பல ஏற்பிகளை ஒப்பிட்டும் விரலை அசைத்தும் உறுதி செய்துகொள்கிறது.

எளிய பொருள்களைக் கொண்டு ஒன்றைச் செய்து பார்க்க முடியுமா?

முடியும். தேவையானவை இரண்டு பாகமாக வரும் சிலிக்கோன் ரப்பர், மின்கடத்தும் கார்பன் தூள், உப்புத்தாள், கண்ணாடித் தகடு, தாமிர நாடா, மின்தடை அளக்கும் மீட்டர். கார்பன் தூளைக் கையாளும்போது முகக்கவசம் அணிய வேண்டும். தூளைச் சிலிக்கோனில் நன்றாகக் கலந்து, ஒரு பகுதியை உப்புத்தாளின் மேலும் மற்றொரு பகுதியைக் கண்ணாடியின் மேலும் மெல்லிய படலமாகப் பரப்புங்கள். குமிழிகள் அடங்கிய பிறகு, உற்பத்தியாளர் சொல்லும் நேரம் வரை கடினமாக விட்டு உரித்தெடுங்கள். இப்போது உங்களிடம் ஒரே பொருளால் ஆன இரண்டு படலங்கள் இருக்கும்: ஒன்று சொரசொரப்பானது, மற்றது வழவழப்பானது. தோலின் அடுக்கை ஒத்த சீரற்ற முட்பரப்பை உப்புத்தாள் அச்சில் வார்த்த, கிராஃபீன் என்னும் மிக மெல்லிய கார்பன் படலம் கொண்ட உணரிகள் 2018இல் வெளியாகியுள்ளன. இது அதன் எளிய வடிவம்.

ஒவ்வொரு படலத்தையும் இரண்டு தாமிர நாடாக்களின் மேல், வார்த்த முகம் கீழே இருக்கும்படி வைத்து, மேலே சிறு எடைகளை ஒவ்வொன்றாக ஏற்றி மின்தடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றாக இறக்கியும் குறியுங்கள். முதல் சில எடைகளுக்குச் சொரசொரப்பான படலம் எவ்வளவு மாறுகிறது, வழவழப்பானது எவ்வளவு மாறுகிறது என்று ஒப்பிட்டால் இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி உங்கள் கண்முன்னே நடக்கும். ஏற்றம், இறக்கம் ஆகிய இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள பரப்புதான் தயக்கம். உப்புத்தாளின் சொரசொரப்பு எண்ணை மாற்றி மாற்றிச் செய்து, உங்களுக்கு வேண்டிய அழுத்த எல்லையில் எது நேராக ஏறுகிறது என்று தேடுங்கள். ஒரு வாரம் கழித்து அதே படலத்தில் அதே எடைகளை மீண்டும் வைத்துப் பாருங்கள். எண்கள் மாறியிருந்தால், அடுத்த படலத்தில் கார்பன் கலவையின் விகிதத்தையும் கலக்கும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொண்டு தொடருங்கள்.